ஒரே நாளில் வந்து சேர்ந்த துயரங்கள்

சுஹதாக்கள் தினத்துக்காகக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, இஸ்லாமிய நாகரிகப் பாடவேளை முடிந்ததும் என்னிடம் வந்தாள். "டீச்சர், யூதர்களுக்கு ஒரு நாள் இருக்காமே. அவங்கட பெரிய கஷ்டமெல்லாம் அந்த ஒரே திகதியிலதான் வந்ததாமே. அது மெய்யா? இல்லாட்டி அவங்களாச் சேர்த்துக்கிட்டதா?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி, "அவங்கட கஷ்டத்த நாம ஏன் டீச்சர் படிக்கணும்? காஸாவில என்ன நடக்குது எண்டு தெரியாதா?" என்றாள்.

இரண்டும் நியாயமான கேள்விகள். மணி அடித்துவிட்டதால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. இரு கேள்விகளுக்கும் உரிய பதிலை எமது சஞ்சிகையில் எழுதுவதாக வாக்களித்தேன். அந்த வாக்கே இக்கட்டுரை. மாணவிகளோடு பெற்றோரும் படிப்பார்கள் என்ற எண்ணத்துடன் எழுதுகிறேன்.

அந்த நாள் எது?

யூதர்களின் நாட்காட்டியில் ஆவ் என்றொரு மாதம் உண்டு. அதன் ஒன்பதாம் நாளை அவர்கள் 'திஷா பஆவ்' என்பர். 'திஷா' என்றால் ஒன்பது. அரபு படிக்கும் மாணவிகளுக்கு 'திஸ்ஆ' என்ற எண் உடனே நினைவுக்கு வரும். ஹீப்ரு மொழியும் அரபு மொழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆவ் என்ற மாதப் பெயர் பழைய பாபிலோனியாவிலிருந்து வந்தது. ஈராக், சிரியா, பலஸ்தீன் ஆகிய நாடுகளின் அரபு மக்கள் இன்றும் ஓகஸ்ட் மாதத்தை 'ஆப்' என்று அழைப்பதும் அதே பெயரால்தான்.

யூதர்களின் மாதமும் எமது மாதத்தைப் போலவே பிறையைக் கொண்டு தொடங்குவது. அவர்களது நாளும் சூரியன் மறையும்போதே பிறக்கிறது. வியாழக்கிழமை மஃரிபு ஆனதும் 'வெள்ளி இரவு' என்று எமது வீடுகளில் சொல்கிறோமல்லவா? அதே கணக்குத்தான். ஒரேயொரு பெரிய வேறுபாடு உண்டு. பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் சுமார் 354 நாட்களே வரும். சூரிய ஆண்டை விட அது 11 நாள் குறைவு. அந்தக் குறையை ஈடுசெய்ய யூதர்கள் 19 ஆண்டுகளில் 7 தடவை பதின்மூன்றாவது மாதமொன்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதனால் ஆவ் மாதம் எப்போதும் ஜூலை, ஓகஸ்ட் காலத்திலேயே வரும். நாம் அவ்வாறு சேர்ப்பதில்லை. எனவே முஹர்ரம் ஆண்டுதோறும் பின்னோக்கி நகர்ந்து எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகிறது. சூரியக் கணக்கில் 33 ஆண்டுகள் செல்லும்போது சந்திரக் கணக்கில் ஏறக்குறைய 34 ஆண்டுகள் கழிந்திருக்கும். அப்போது ஆவ் மாதப் பிறையும் முஹர்ரம் பிறையும் மீண்டும் ஒன்றாகவே தென்படும். இந்தக் கணக்கை மனதில் வைத்திருங்கள். பின்னர் இது எமது ஊருக்கே வந்து சேரும்.

ஐந்து துயரங்கள்

யூதர்களின் வாய்வழிச் சட்டங்களைத் தொகுத்த நூல் மிஷ்னா. அது கி.பி. 200 அளவில் எழுத்துருப் பெற்றது. ஆவ் ஒன்பதில் தம் முன்னோருக்கு ஐந்து துயரங்கள் நேர்ந்தன என்று அந்நூல் வரிசைப்படுத்துகிறது.

முதலாவது, நபி மூஸா (அலை) அவர்களின் காலத்தது. வாக்களிக்கப்பட்ட பூமிக்குள் நுழையப் பயந்து மக்கள் பின்வாங்கினர். அதனால் அந்தத் தலைமுறை அதனுள் நுழையாது என்று விதிக்கப்பட்டது. அல்மாயிதா அத்தியாயத்தில் நாற்பது ஆண்டுகள் அலைந்து திரிந்த சமூகமாக நாம் வாசிப்பது இவர்களைத்தான்.

இரண்டாவது, நபி சுலைமான் (அலை) அவர்கள் கட்டிய பைத்துல் முகத்தஸின் அழிவு. கி.மு. 586 அளவில் பாபிலோனிய மன்னன் நெபுகாத்நேச்சார் எருசலேமை எரித்து, மக்களைச் சிறைப்பிடித்துச் சென்றான். எமது தப்ஸீர் நூல்களில் புக்துநஸ்ஸர் என்று வருபவன் இவனே.

மூன்றாவது, திரும்பி வந்தோர் மீளக் கட்டியெழுப்பிய இரண்டாவது ஆலயத்தின் அழிவு. கி.பி. 70 இல் ரோமத் தளபதி தீத்துஸ் அதைத் தரைமட்டமாக்கினான். கொள்ளையிட்ட ஏழுகிளை விளக்கை ரோமப் படையினர் தோளில் சுமந்து செல்லும் சிற்பம், ரோம் நகரிலுள்ள தீத்துஸின் வளைவில் இன்றும் இருக்கிறது. பனூ இஸ்ராயீலர் இருமுறை குழப்பம் விளைவித்ததையும் இருமுறை தண்டிக்கப்பட்டதையும் அல்இஸ்ரா அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் கூறுகின்றன. முபஸ்ஸிர்களில் பலர் அவற்றை இவ்விரு அழிவுகளோடு தொடர்புபடுத்தி விளக்கியுள்ளனர்.

நான்காவது, கி.பி. 135 இல் பெத்தார் என்ற கோட்டை நகர் வீழ்ந்தமை. ரோமருக்கு எதிராக பர் கொக்பா என்பவன் நடத்திய கிளர்ச்சி அத்தோடு முடிந்தது. ஐந்தாவது, எருசலேம் நகரத்தை ரோமர் ஏர்பூட்டி உழுதமை. அந்த இடத்தில் பேரரசன் ஹட்ரியன் 'ஏலியா கப்பித்தோலினா' என்ற புதிய நகரை எழுப்பினான். யூதர் அதில் காலடி வைக்கக்கூடாது என்று தடையும் போட்டான். ஹதீஸ்களிலும் உமர் (ரழி) அவர்களின் காலத்து ஆவணங்களிலும் அந்நகரம் 'ஈலியா' என்று வருவது அந்த ரோமப் பெயரின் எச்சமே. முஸ்லிம்களின் ஆட்சி வந்த பிறகே யூதக் குடும்பங்கள் அந்நகரில் மீண்டும் நிலையாகக் குடியமர்ந்தன.

மெய்யா, சேர்த்துக்கொண்டதா?

இப்போது முதல் மாணவியின் கேள்விக்கு வருவோம். இவையெல்லாம் ஒரே திகதியில்தான் நடந்தனவா?

யூதர்களின் வேதநூல்களிலேயே முதல் ஆலயம் எரிந்த திகதி இரு விதமாகப் பதிவாகியுள்ளது. ஓரிடத்தில் ஆவ் 7, மற்றோரிடத்தில் ஆவ் 10. அவர்களது அறிஞர்கள் இதை மறைக்கவில்லை. எதிரிகள் ஏழாம் நாள் உள்ளே நுழைந்தனர், ஒன்பதாம் நாள் மாலையில் தீ வைத்தனர், பத்தாம் நாளிலும் தீ எரிந்தது என்று தல்மூத் என்னும் பெருநூலில் விளக்கம் கூறினர். எனவே, அந்தத் திகதியை ஒட்டி நடந்த ஒரு பெரும் துயரம் நாளை நிலைநாட்டியது. அதன் அருகே நடந்தவை அந்த நாளிடம் வந்து சேர்ந்தன. ஆற்றுவாய் ஒன்று திறந்திருந்தால் பல நீரோட்டங்கள் அதன் வழியே வந்து வாவியில் விழுவதைப் போன்றது இது.

பிற்காலத்திலும் அது தொடர்ந்தது. 1290 ஜூலை 18 அன்று இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் நாட்டிலிருந்த யூதர் அனைவரையும் வெளியேறுமாறு கட்டளையிட்டான். அன்று ஆவ் 9. இது திகதி நேராகப் பொருந்திய நிகழ்வு.

1492 சற்று வேறானது. அவ்வாண்டு ஜனவரி 2 இல் ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரானடா வீழ்ந்தது. மார்ச் 31 இல், முஸ்லிம்கள் கட்டிய அதே அல்ஹம்ரா மாளிகையில் இருந்துகொண்டு, யூதர் அனைவரும் மதம் மாற வேண்டும் அல்லது ஜூலை முடிவதற்குள் வெளியேற வேண்டும் என்ற ஆணையில் கிறிஸ்தவ மன்னரும் அரசியும் கையொப்பமிட்டனர். பொன், வெள்ளி, நாணயம் எதையும் கொண்டுசெல்ல அனுமதி இல்லை. அவ்வாண்டு ஆவ் 9 ஓகஸ்ட் 2 ஆம் திகதி வந்தது. காலக்கெடுவும் துக்க நாளும் அருகருகே இருந்ததால், வெளியேறியவர்கள் அந்த நாளையே தம் பயணத்தின் நாளாக நினைவில் வைத்துக்கொண்டனர்.

அப்போது அவர்களில் பெருந்தொகையானோருக்குக் கதவைத் திறந்துவிட்டவர் உதுமானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத். இஸ்தான்பூலிலும் சலோனிக்காவிலும் அவர்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். பத்தாண்டுகளுக்குள் அதே கட்டளை ஸ்பெயினின் முஸ்லிம்களை நோக்கியும் திரும்பியது. 1502 இல் கஸ்தீலியாவில் கட்டாய மதமாற்றம் வந்தது. மதம் மாறியோரின் சந்ததியினர்கூட 1609 தொடக்கம் 1614 வரை நாடு கடத்தப்பட்டனர். யூதரின் வீட்டு வாசலில் நின்ற அதே சேவகர்கள் அடுத்து எமது வாசலுக்கு வந்தார்கள் என்பதே ஸ்பெயினின் பாடம்.

1914 ஓகஸ்ட் 1, ஆவ் 9. அன்று ஜேர்மனி ரஷ்யா மீது போர் அறிவித்தது. முதலாம் உலகப் போர் விரிந்தது. 1942 ஜூலை 22 அன்று, ஆவ் 9 இன் முன்னாள், போலந்தின் வார்சோ நகரில் நாஸிகள் அடைத்து வைத்திருந்த யூதர்களை ரயிலேற்றி திரெப்லிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பத் தொடங்கினர். இரண்டே மாதங்களில் அந்த ஒரு நகரிலிருந்து மாத்திரம் இரண்டரை இலட்சம் பேருக்கு மேல் கொண்டுசெல்லப்பட்டனர். எனினும் நாஸிகள் செய்த இனப்படுகொலை முழுவதையும் ஆவ் 9 இல் சேர்த்துவிட எல்லோரும் உடன்படவில்லை. அதற்கென நிசான் மாதத்தின் 27 ஆம் நாளை இஸ்ரேலின் நாடாளுமன்றம் 1951 இல் தனியாக ஒதுக்கியது. ஒரு நாள் எவ்வளவு துயரத்தைத் தாங்கும் என்பதில் அவர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு உண்டு.

இதைக் கேட்டு நாம் சிரிக்கத் தேவையில்லை. எமது ஆஷூராவை நினைத்துப் பாருங்கள். ஆதம் (அலை) அவர்களின் தௌபா ஏற்கப்பட்டது, நூஹ் (அலை) அவர்களின் கப்பல் தரைதட்டியது, இப்றாஹீம் (அலை) அவர்கள் நெருப்பிலிருந்து மீண்டது, யூனுஸ் (அலை) அவர்கள் மீன் வயிற்றிலிருந்து வெளிவந்தது என்று பயான்களில் நாம் கேட்டு வளர்ந்த பட்டியல் மிக நீளமானது. ஹதீஸ் கலை அறிஞர்கள் அப்பட்டியலில் பெரும்பகுதியைப் பலவீனமானது என்றே மதிப்பிட்டுள்ளனர். ஆதாரபூர்வமாக நிலைத்திருப்பது நபி மூஸா (அலை) அவர்களும் அவர்களது மக்களும் காப்பாற்றப்பட்ட செய்தியாகும். ஹிஜ்ரி 61 இல் கர்பலாவும் அதே நாளில் நிகழ்ந்து, மகிழ்ச்சியின் நாளோடு துயரமும் சேர்ந்துகொண்டது. பெரிய நாட்கள் மற்ற நாட்களைத் தம்மிடம் இழுக்கும். அது மனிதர்களின் நினைவு வேலை செய்யும் விதம்.

ஆஷூரா எமக்கு வந்த வழியையும் மறந்துவிடக்கூடாது. நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது யூதர் நோன்பிருப்பதைக் கண்டு காரணம் கேட்டார்கள். மூஸாவை அல்லாஹ் காப்பாற்றிய நாள் என்று அவர்கள் சொன்னதும், மூஸாவுக்கு நாமே அதிகம் உரித்துடையோர் என்று கூறித் தாமும் நோன்பு பிடித்து எம்மையும் பிடிக்கச் சொன்னார்கள். இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் அறிவித்த இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. மற்றொரு சமூகத்தின் நினைவு நாளைப் பற்றி விசாரித்து அறிவது ஸுன்னாவுக்கு அந்நியமானதல்ல.

எமது கடலுக்கு வந்த யூதர்

யூதர் எங்கோ தொலைவில் வாழ்ந்த மக்கள் என்று எண்ண வேண்டாம். கி.பி. 849 இல் கொல்லத்தில் எழுதப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. கிறிஸ்தவப் பள்ளி ஒன்றுக்கு வழங்கிய உரிமைகளைக் கூறும் அந்தச் செப்பேட்டில் சாட்சிகளாகக் கையொப்பமிட்டோர் மூன்று வகையினர்: அரபு எழுத்தில் முஸ்லிம்கள், பஹ்லவி எழுத்தில் பாரசீகர், ஹீப்ரு எழுத்தில் யூதர். ஒரே ஆவணத்தில் அவர்களின் பெயர்கள் அருகருகே நிற்கின்றன. 12 ஆம் நூற்றாண்டின் புவியியலாளர் அல்இத்ரீஸி, ஸரந்தீபின் மன்னனுக்குப் பதினாறு ஆலோசகர்கள் இருந்ததாகவும், அவர்களில் நால்வர் நாட்டு மக்கள், நால்வர் கிறிஸ்தவர், நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர் என்றும் எழுதினார். ஸரந்தீப் எமது இலங்கைத் தீவுதான்.

1492 இல் ஸ்பெயினை விட்டுப் புறப்பட்டோரில் சிலரது குடும்பங்கள் காலப்போக்கில் கொச்சிக்கும் வந்தன. அங்கு முன்பே வாழ்ந்த யூதரிலிருந்து வேறுபடுத்தி அவர்களைப் 'பரதேசி யூதர்' என்றனர். மட்டாஞ்சேரியில் கொச்சி அரசனின் மாளிகைக்குப் பக்கத்தில் அவர்கள் 1568 இல் கட்டிய தொழுகைக் கூடம் இன்றும் இருக்கிறது. 1662 இல் போர்த்துக்கேயர் அதைச் சேதப்படுத்தினர். ஒல்லாந்தர் வந்த பிறகு அது மீளக் கட்டப்பட்டது. 1950 களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குச் சென்றுவிட, மட்டாஞ்சேரியில் மிகச் சிலரே எஞ்சினர்.

இங்கே எமது பக்கத்துக் கசப்பான ஏடு ஒன்றும் உண்டு. 1524 இல் கொடுங்கல்லூரில் வாழ்ந்த யூதரை முஸ்லிம்கள் தாக்கி, அவர்களது வீடுகளையும் தொழுகைக் கூடங்களையும் அழித்தனர். இதை எழுதி வைத்தவர் எதிரி அல்லர். மலபாரின் மாபெரும் ஆலிம் ஷெய்கு ஸைனுத்தீன் மக்தூம் அவர்களே, துஹ்பதுல் முஜாஹிதீன் என்ற தமது அரபு நூலில் அதைப் பதிந்துள்ளார். போர்த்துக்கேயர் முஸ்லிம்களுக்கு இழைத்த கொடுமைகளைச் சொல்ல எழுந்த நூல் அது. தம் மக்களின் துயரத்தை எழுத உட்கார்ந்த பேனா, தம் மக்கள் செய்ததையும் விடாமல் எழுதியது. வரலாறு எழுத விரும்பும் மாணவிகள் இந்த நேர்மையை முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

அந்த நாளை எப்படிக் கழிக்கிறார்கள்?

ஆவ் 9 அன்று யூதர்கள் சூரியன் மறைந்ததிலிருந்து மறுநாள் இருட்டும் வரை சுமார் 25 மணித்தியாலம் உண்ணாமலும் குடிக்காமலும் நோன்பிருப்பர். தோல் செருப்பு அணியமாட்டார்கள். ஒருவருக்கொருவர் முகமன் கூறமாட்டார்கள். மய்யித்து வீட்டில் இருப்பதைப் போல் தரையில் அல்லது தாழ்ந்த பலகையில் அமர்ந்து, எருசலேமின் அழிவைப் பாடும் புலம்பல் நூலை மெல்லிய விளக்கொளியில் வாசிப்பர். நண்பகலுக்குப் பிறகே நாற்காலிக்கு எழும்புவர்.

என்னை நிறுத்தி வைத்துச் சிந்திக்கச் செய்தது இவற்றில் எதுவுமில்லை. அவர்களது அறிஞர்கள் அந்த நாளில் கேட்ட கேள்விதான். ஆலயத்தை எரித்தவன் ரோமன் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தல்மூத், இரண்டாவது ஆலயம் ஏன் அழிந்தது என்று கேட்டு, காரணமே இல்லாத வெறுப்பினால் என்று பதில் கூறுகிறது. அக்காலத்து மக்கள் வேதம் படித்தார்கள், தான தர்மம் செய்தார்கள். ஆயினும் ஒருவரையொருவர் வெறுத்தார்கள். விக்கிரக வணக்கம், முறைகெட்ட உறவு, கொலை ஆகிய மூன்று பெரும் பாவங்களுக்கும் இணையானது அந்த வெறுப்பு என்பது அவர்களின் தீர்ப்பு. கொடுமை செய்தவனின் குற்றம் இதனால் குறையாது. ஆனாலும் துக்க நாளில் எதிரியின் பெயரை மட்டும் உரக்கச் சொல்லிவிட்டு வீடு திரும்பாமல், தன் நெஞ்சையும் ஒருதரம் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை அது கற்றுக்கொடுக்கிறது.

எமது நாட்கள்

1990 ஓகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யா பள்ளிவாசலிலும் இஷாத் தொழுதுகொண்டிருந்தவர்கள் மீது ஆயுததாரிகள் சுட்டார்கள். ஷஹீதானவர்கள் 103 பேர் என்று ஊர் கணக்கு வைத்திருக்கிறது. சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். மீரா ஜும்ஆப் பள்ளியின் சுவரில் சன்னத் துளைகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

ஊர் அதை ஓகஸ்ட் 3 என்கிறது. எனது உம்மா மட்டும் எப்போதும் 'ஆஷூராப் பிறையில்' என்றே சொல்வார். அந்தப் பள்ளிவாசலுக்குப் போன அவரது தம்பி திரும்பி வரவில்லை. உம்மா சொல்வது சரிதானா என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு நான் நாட்காட்டிகளை எடுத்துப் பார்த்தேன். சரிதான். அந்த ஓகஸ்ட் 3, ஹிஜ்ரி 1411 முஹர்ரத்தில், ஆஷூராவை ஒட்டிய நாள். அத்துடன் இன்னொன்றும் தெரிந்தது. அவ்வாண்டு யூதர்களின் ஆவ் மாதமும் அதே பிறையில்தான் பிறந்திருந்தது. ஜூலை 31 அன்று உலகெங்கும் அவர்கள் தரையில் அமர்ந்து நோன்பிருந்தார்கள். மூன்று நாள் கழித்து, அதே பிறையின் கீழ் எமது ஊர் தரையில் அமர்ந்தது. 33 ஆண்டுகளுக்குப் பிறகு, 2023 ஜூலையில், அவ்விரு பிறைகளும் மீண்டும் ஒன்றாக வந்தன. இதில் மர்மம் எதுவுமில்லை. நான் முன்னர் சொன்ன கணக்குத்தான். ஆனால் கணக்குக்கூடச் சில வேளை மனிதரை அருகருகே உட்கார வைத்துவிடுகிறது.

எமது நாட்காட்டியிலும் நாட்கள் சேர்ந்துகொண்டேயிருந்தன. ஓகஸ்ட் 12, ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்டோர். அவ்வருடம் ஒக்டோபர் இறுதியில் வடபுல முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30 அன்று கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகைகளும் பணமும் வழியில் பறிக்கப்பட்டன. பொன்னும் நாணயமும் கொண்டுபோகத் தடை விதித்த 1492 ஆம் ஆண்டு ஆணையை நாம் வகுப்பில் படிக்கும்போது, அது எமக்குப் புரியாத பாடமாக இருக்க முடியாது.

வாவியின் மறுபக்கத்துக்கும் நாட்கள் உண்டு. அதே 1990 இல், செப்டெம்பர் 9 அன்று, சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள், பெண்களும் குழந்தைகளுமாகப் பெருந்தொகையானோர் கொல்லப்பட்டனர். அங்கும் ஒரு நினைவுத்தூபி நிற்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டு குழந்தைகளின் உயிரையும் பறித்தது. அந்த நாளை நாம் கடந்து செல்ல முடியாது. அதைச் செய்தவர்கள் எமது மார்க்கத்தின் பெயரைச் சொல்லிச் செய்தார்கள். அதற்குப் பிறகு எமது பிள்ளைகள் பஸ்ஸில் ஏறியபோது, கடைக்குப் போனபோது, வைத்தியசாலை வரிசையில் நின்றபோது எப்படிப் பார்க்கப்பட்டார்கள் என்பதும் எமக்குத் தெரியும். ஒருவருக்கும் தீங்கு செய்யாத பிள்ளை, தான் செய்யாத குற்றத்துக்காகத் தலை குனிந்து நின்றாள்.

இரண்டாவது மாணவியின் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. காஸாவில் பல்லாயிரக்கணக்கான உயிர்கள் பறிபோனதைக் கண்டு கண்ணீர் விடாதவர் எமக்குள் இல்லை. அது அநீதி என்று சொல்வதில் எமக்குத் தயக்கமும் இல்லை. அதே போரை எதிர்த்துப் பல நாடுகளில் வீதிக்கு இறங்கியவர்களுள் யூதர்களும் இருந்தார்கள். ஓர் அரசின் செயலை அந்த அரசிடமே கேட்க வேண்டும். அதற்காக ஓர் இனத்தின் எல்லா மனிதரையும், அவர்களின் முன்னோரையும், அவர்களின் துயரத்தையும் வெறுப்பது, 2019 இல் எம்மைப் பார்த்த அதே பார்வைதான். அது எமக்கு வலித்ததென்றால் நாம் அதைச் செய்யலாகாது.

உம்முல் முஃமினீன் ஸஃபிய்யா (ரழி) அவர்கள் யூதக் குலத்தில் பிறந்தவர்கள். அதைச் சொல்லி ஒருமுறை அவர்களைக் குத்திப் பேசியபோது அவர்கள் அழுதார்கள். நபி (ஸல்) அவர்கள், உன் தந்தை வழியில் ஹாரூன் ஒரு நபி, உன் பெரிய தந்தை மூஸா ஒரு நபி, நீ ஒரு நபியின் மனைவி, உன்னைவிட அவர்களுக்கு என்ன பெருமை என்ற கருத்தில் ஆறுதல் சொன்னதாகத் திர்மிதியில் வருகிறது. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபியவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதரின் ஜனாஸா என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்ற பொருள்பட வினவினார்கள். இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

ஆறு நாள் கழித்து

ஆவ் 9 பற்றிய அதே மிஷ்னா அத்தியாயம் துக்கத்தோடு முடிவதில்லை. ஆறு நாள் கழித்து வரும் ஆவ் 15 ஐப் பற்றியும் அது சொல்கிறது. அன்று எருசலேமின் இளம்பெண்கள் வெள்ளை ஆடை அணிந்து திராட்சைத் தோட்டங்களுக்குச் சென்று மகிழ்ந்திருப்பார்களாம். அந்த ஆடை ஒவ்வொருத்தியும் இன்னொருத்தியிடம் இரவலாக வாங்கியதாக இருக்க வேண்டும். வசதியானவளும் இரவல் ஆடையில்தான் வருவாள். ஆடை இல்லாதவள் வெட்கப்படக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. கடும் துக்க நாளை வைத்திருந்த சமூகம், அடுத்த வாரமே தன் ஏழைப் பெண்ணின் மானத்தை நினைத்தது.

நினைவு நாள் எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. இழந்தவர்களுக்காக ஒரு நாள் அழுதவர்கள், இருப்பவர்களைக் கவனிக்க அடுத்த நாள் எழுந்திருக்க வேண்டும்.

முதல் கேள்வி கேட்ட மாணவி தன் கட்டுரையை எழுதி முடித்து எனக்குக் காட்டினாள். ஓகஸ்ட் 3 பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தாள். கடைசிப் பந்தியில் சத்துருக்கொண்டான் பற்றி நான்கு வரி சேர்த்திருந்தாள். "இது போட்டித் தலைப்புக்குள்ள வராது எண்டு புள்ளி குறைப்பாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். குறைத்தாலும் பரவாயில்லை, விட்டுவிடு என்று சொன்னேன். அவள் அதை விட்டுவிட்டாள், அழிக்காமல்.